உண்டியலில் விழாத பிளேடு

மொட்டை மாடித் துணிக்கொடியில் மூன்று கண்ணாடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் ஆண். மூன்று பேருக்கும் முகம் முழுக்க வெள்ளை நுரை. கன்னத்தை உப்பவைத்து, கழுத்தை நீட்டி, தன்னைத்தானே உற்றுப் பார்த்தபடி நின்றார்கள். 

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் தறிச் சத்தம் இல்லை. செல்லூரில் அப்படியோர் அமைதி வாரத்தில் ஒரு காலைதான் கிடைக்கும். அந்த அமைதியில் முகத்தில் பிளேடு ஓடும் சத்தம் கேட்டது. காய்ந்த வாழைச்சருகை நகத்தால் மெதுவாகக் கீறுவது போன்ற சத்தம்.

நான் படியின் உச்சியில், இனியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வயதும் நாலு மாதமுமான என் மகள், மூன்று நுரை முகங்களில் எது தன் அப்பா என்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தாள்.

பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன சுதா, வீட்டுலயே சலூன் தொறந்துட்டீகளா?"

"ஆமாக்கா. அண்ணனையும் வரச் சொல்லுங்க."

"அவரு மூஞ்சியைக் கழுவ வைக்கிறதே எனக்குப் பெரும்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் இந்தப் பத்தியில் இனியா தவழத் தொடங்கிய கதையைச் சொன்னேன். அவள் நடக்கத் தொடங்கிய பிறகு நடந்தது இது.

மூன்று பேரும் ஒரு குண்டனும்

என் கணவர் கார்த்தி வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதில் அவருக்குச் சவரம் என்றாலே எரிச்சல். நாலைந்து பிளேடு அடுக்கிய பிளாஸ்டிக் ரேசரால் அவசரமாக இழுத்துவிட்டு, கழுத்தெல்லாம் சிவந்து தடித்து வருவார். நான் கற்றாழை தடவிவிடுவேன்.

அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் முருகேசன் அண்ணன் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார். இரண்டு சந்து தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கிறார். கார்த்தி ஏதோ ஒரு இரும்புச் சாமானைக் கடைந்து வாங்கப் போன இடத்தில், "என்ன மாப்ள, கழுத்தை உரிச்சுப் போட்ட கோழி மாதிரி வச்சிருக்க?" என்று கேட்டாராம். மறுநாளே ஒற்றை பிளேடு போடுகிற பழைய திருகு ரேசர் ஒன்று, கட்டை முடிப் பிரஷ் ஒன்று, ஒரு சோப்பு. கூடவே ஒரு மணி நேரப் பேச்சு. வெந்நீர்த் துண்டு எவ்வளவு நேரம், பிரஷில் எவ்வளவு ஈரம், முதல் தடவை முடி வளர்ந்த வாக்கில், அடுத்தது பக்கவாட்டில், எதிர்வாக்கில் துணிந்தவன் மட்டும்.

மூன்றாமவர் ஜமால் பாய். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். பொழுதுபோக்குக்குச் சவர சோப்பு காய்ச்சுகிறார். ஆட்டுக் கொழுப்பில் செய்த சோப்பு போல வழுக்குவது வேறு எதுவுமில்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. அதனால் புரட்டாசி மாதம் வந்தால் அவருக்கும் முருகேசன் அண்ணனுக்கும் சண்டை.

"பாய், இந்த மாசம் எனக்குத் தேங்கா எண்ணெய் சோப்புதான்."

"அண்ணே, மூஞ்சியில பூசுறதுக்கு என்ன விரதம்? திங்கவா சொன்னேன்?"

"நுரை வாய்க்குள்ள போகும்ல!"

"வாயை மூடிக்கிட்டு சிரைங்க. ஊருக்கே நிம்மதி."

இப்படித்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். முதலில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. கார்த்தியின் கழுத்து ஆறிய பிறகு அப்படித் தெரியவில்லை. என்னிடம் கற்றாழை கேட்பதையும் அவர் நிறுத்திவிட்டார்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முருகேசன் அண்ணன் எங்கேயோ பழைய சாமான் கடையில் எடுத்து, கடைந்து மெருகேற்றிய கனமான பித்தளை ரேசர் ஒன்று. பெயர் குண்டன். அது யாருக்கும் சொந்தமில்லை. ஒரு மாதம் ஒருவர் வீட்டில் இருக்கும், அடுத்த மாதம் இன்னொருவர் வீட்டில். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. வைத்திருக்கிறவர் தன் அனுபவத்தை அதில் எழுத வேண்டும். கைமாறும் ஞாயிறன்று குண்டனை வைத்திருந்தவர் கடைசியாக ஒரு தடவை சவரம் செய்துகொள்வார். பிறகு மூடியபடியே அதை நோட்டின் மேல் வைத்துவிட வேண்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து உட்கார்ந்து, மறை கழற்றி, பிளேடை எடுத்து, கழுவித் துடைத்துக் கைமாற்றுவார்கள். அதுவரை யாரும் தொடக் கூடாது.

அன்று குண்டன் கார்த்தியிடமிருந்து ஜமால் பாய்க்குப் போக வேண்டிய நாள்.

கதவுக்குப் பின்னால் கோடுகள்

இனி என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

நான் இயற்பியல் படித்தவள். இனியா பிறக்கும் வரை பள்ளியில் பாடம் நடத்தினேன். கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை பார்க்கிற ஆள். தூங்கும் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு, விரலில் பட்டது ஃபேன் காற்றோ என்று சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கிற ஆள்.

வீட்டில் பிளேடு இருக்கிறது. அப்போதுதான் பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

பழைய பிளேடுகளைப் போட கார்த்தி ஒரு பால் பவுடர் டப்பாவை எடுத்து, மூடியை ஈயம் வைத்து அடைத்து, மேலே ஒரு கீறல் போட்டுவைத்திருந்தார். உள்ளே போனது வெளியே வராது. இவர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். உண்டியல் என்பார்கள். நான் அதோடு நிற்கவில்லை. முதல் பிளேடு அதில் விழும் முன்பே, குளியலறைக் கதவின் பின்பக்கம் பென்சிலால் கோடு போடும் முறையைக் கொண்டுவந்தேன். புதுப் பிளேடு ஒன்றை உறையிலிருந்து எடுத்தால் ஒரு கோடு. அது உண்டியலில் விழுந்ததும் அந்தக் கோட்டின் மேல் ஒரு குறுக்கு வெட்டு.

"இது வீடா, ஜெயிலா?" என்றார் கார்த்தி. ஆனால் கோடு போட்டார்.

என்னை அவர் கேலி செய்யக் காரணமும் இருந்தது. இனியாவுக்குப் பத்து மாதம் இருக்கும்போது அவள் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். விழுங்கிவிட்டாள் என்று நான் அடித்துச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். பிள்ளை கத்திய கத்தில் வரிசையில் இருந்த மற்ற பிள்ளைகளும் அழுதன. படத்தில் ஒன்றுமில்லை. மாலையில் வாஷிங் மெஷினின் ரப்பர் மடிப்பில் பொத்தான் கிடந்தது. அதற்கு முன்னால், பீட்ரூட் ஊட்டிய மறுநாள் ரத்தம் ரத்தம் என்று நான் அலறிய கதையும் உண்டு. அதை விவரிக்க வேண்டாம்.

ஆக, என் சொல்லுக்கு வீட்டில் எம்புட்டு மதிப்பு இருந்திருக்கும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கையில் ஒரு தாள்

மாடியில் சவரம் முடிந்தது. படிகாரக் கட்டியைக் கன்னத்தில் தேய்த்து, "ஸ்ஸ்" என்று மூன்று பேரும் ஒரே மாதிரி மூச்சிழுத்தார்கள். கார்த்தி குண்டனை ஓரமாக வைத்துவிட்டு, நோட்டை மடியில் வைத்து எழுத உட்கார்ந்தார். நான் இட்லிச் சட்டியைப் பார்க்கக் கீழே இறங்கினேன்.

இனியாவைக் கூடத்தில் விட்டுவிட்டு அடுப்பைத் தணித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தால், பிள்ளை குளியலறை வாசலில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

வாயில் விரலை விட்டு எடுத்தேன். பிளேடு சுற்றி வருகிற மெழுகுத் தாள். எச்சிலில் நனைந்து கூழாகியிருந்தது. உள்ளே பிளேடு இல்லை.

காலையில் கார்த்தி புதுப் பிளேடு எடுத்தபோது விழுந்த தாளாக இருக்கும் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. மறுபாதி என்னைக் கதவின் பின்னால் தள்ளியது.

பத்தொன்பது கோடுகள். பதினேழின் மேல்தான் வெட்டு இருந்தது. இன்று காலை எடுத்தது குண்டனுக்குள் இருக்கிறது. அப்படியானால் பதினெட்டாவது எங்கே?

அலமாரியின் உச்சியிலிருந்த பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து ஐந்தாக நாலு பாக்கெட் வாங்கியதில் ஒரே ஒரு பிளேடு மிச்சம். வெளியே வந்தது பத்தொன்பதுதான். கோட்டில் பிழையில்லை.

"என்னங்க!"

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். மூன்று பேரும் இறங்கி வந்தார்கள்.

"நேத்து வரைக்கும் குண்டன்ல இருந்த பிளேடை உண்டியல்ல போட்டீங்களா?"

"போட்டிருப்பேன்."

"போட்டீங்களா, போட்டிருப்பீங்களா?"

"போட்டேன் சுதா. வெட்டுப் போடத்தான் மறந்திருப்பேன். கழுவிக்கிட்டிருக்கும்போது நீதான பிள்ளையைப் பிடிங்கன்னு கூப்பிட்ட? கைய உதறிட்டு ஓடி வந்தேன்."

"ஓடி வரும்போது பிளேடு எங்க இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "ரேசர் மூடியைத் தொறந்தேன். மூடியில பிளேடு இல்ல. அப்ப போட்டுட்டேன்னுதான அர்த்தம்?"

நான் தாளைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பொத்தான் கதையை ஆரம்பிக்காத. ஆளுக வந்திருக்காங்க" என்றார்.

அந்த இடத்தில் நான் வழக்கமாக அடங்கிவிடுவேன். நான்தான் மிகைப்படுத்துகிறேனோ என்று எனக்கே தோன்றிவிடும். அன்று தோன்றவில்லை. பயம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கையில் ஒரு எண் இருந்தது.

"முருகேசன் அண்ணே, உண்டியலை வெட்ட முடியுமா?" என்றேன்.

டப்பாவை வெட்டினோம்

அண்ணன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பைக்கில் போய், தகரம் வெட்டும் கத்தரியோடும், குச்சி நுனியில் காந்தம் வைத்த ஒரு சாமானோடும் வந்தார். பட்டறையில் சிதறும் இரும்புத் துருவலைப் பொறுக்குவதற்கான காந்தம். முதலில் அதைக் குளியலறைத் தரை, கூடம், கோரைப்பாயின் அடி என்று எல்லா இடத்திலும் ஓட்டினார். என் கொண்டை ஊசி ஒன்று வந்து ஒட்டியது. வேறொன்றும் இல்லை.

நான் இனியாவை மடியில் கிடத்தி, போன் வெளிச்சத்தில் அவள் வாயைப் பார்த்தேன். ஈறு, நாக்கின் அடி, உள்கன்னம். கீறலில்லை, ரத்தமில்லை. அவள் சிரித்தாள். மெல்லிய பிளேடை வளைத்தால் உடையும் என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

டப்பாவின் கழுத்தைச் சுற்றி அண்ணன் வெட்டினார். செய்தித்தாளில் கொட்டியபோது சலசலவென்று விழுந்தன. சிலதில் துரு, சிலது சோப்பு காய்ந்து ஒன்றோடொன்று பிடித்திருந்தது. ஒவ்வொன்றையும் பிரித்து, வரிசையாக அடுக்கி எண்ணினார்.

"பதினேழு, தங்கச்சி."

ஜமால் பாய் எண்ணினார். பதினேழு.

கார்த்தி எண்ணவில்லை. சுவரில் சாய்ந்துவிட்டார். காதோரம் காயாமலிருந்த நுரைத் துளியைக்கூடத் துடைக்காமல் இனியாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி கீழதாம்மா நிக்கிது" என்றார் ஜமால் பாய் மெதுவாக. "கிளம்பும்மா. யோசிக்க வேண்டாம்."

பையில் துண்டு, பால் புட்டி, பழைய மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் போட்டேன். அந்தப் பையைக் கட்டுவதில் எனக்கு அனுபவம் உண்டு. கை தன்பாட்டில் வேலை செய்தது. மூளையும் தன்பாட்டில் ஓடியது.

பித்தளை மாறாது

"நேத்தைக்கும் இன்னைக்கும் எதையாச்சும் மாத்திச் செஞ்சீங்களா?" என்று கார்த்தியிடம் கேட்டேன்.

"இல்லியே. அதே சோப்பு, அதே பிரஷ். இன்னைக்குத்தான் என்னமோ முடியே எடுபடல. நாலு தடவை ஓட்டினேன். நோட்டுல எழுதிக்கூட வச்சேன்."

"என்னன்னு?"

"குண்டன் பக்குவப்பட்டுட்டான், நேத்தைவிட இன்னைக்குச் சாந்தமா இருக்கான்னு."

அந்த நிலைமையிலும் முருகேசன் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "பித்தளை மாப்ள அது! ஒரே ராத்திரியில எப்படிப் பக்குவப்படும்?"

நான் பை ஜிப்பை இழுத்த கையை நிறுத்தினேன்.

பித்தளை ஒரு இரவில் மாறாது. சரி. சோப்பு மாறவில்லை, முகம் மாறவில்லை. ஆனால் வெட்டு மாறியிருக்கிறது. அப்படியானால் மாறியது உள்ளே.

பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு கண்ணாடிச் சில்லுகளை நனைத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்வேன். பலசாலிப் பையன்கள் எல்லாம் இழுத்துப் பார்த்துத் தோற்பார்கள். நடுவே ஒரு படலம் தண்ணீர் இருந்தால் போதும், விடாது.

நேற்று அவர் மூடியைத் திறந்தார். மூடியில் பிளேடு இல்லை. ரேசரில் மூடி மட்டுமா இருக்கிறது? அடியில் ஒரு தட்டு இருக்கிறது. ஈரமான, வழவழப்பான தட்டு.

"மாடியில இருக்கிற குண்டனை எடுத்துட்டு வாங்க. இப்பவே" என்றேன். "அப்படியே ஒரு கிண்ணத்துல தண்ணி."

அண்ணன் இரண்டிரண்டு படியாக ஏறி இறங்கினார். ஜமால் பாய் திருகைக் கழற்றினார். மேல்மூடியும் தட்டும் பிரிந்தன. நடுவில் ஒரு பிளேடு பளபளத்தது. அதை விரல் நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுதாம்மா இருக்கு."

இருந்தாலும் என் குரல் மாறவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

"கிண்ணத்துல போடுங்க பாய். போட்டு, ஓரத்தைப் பிடிச்சுத் தேய்ங்க. இழுக்காதீங்க, பக்கவாட்டுல தள்ளுங்க."

அவர் தள்ளினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை தள்ளினார். தண்ணீருக்குள் அந்தப் பிளேடு தன்னிடமிருந்தே நழுவியது. கிண்ணத்தின் அடியில் இரண்டு கிடந்தன.

"யா அல்லாஹ்" என்றார் ஜமால் பாய்.

"அடப்பாவி மாப்ள! ரெண்டு பிளேடைப் போட்டுச் சிரைச்சுட்டு, ரேசர் பக்குவமாயிருச்சுன்னு எழுதியிருக்கான் பாருங்க பாய்!" என்று கத்திய முருகேசன் அண்ணனின் கண்ணில் தண்ணீர் நின்றது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

ஜமால் பாய் செய்தித்தாளை மறித்து நின்றுகொள்ள, நான் இனியாவை இறக்கிவிட்டேன். அவள் வெட்டிய டப்பாவை நோக்கி ஓடினாள். அண்ணன் அதைப் பாய்ந்து எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. கார்த்தி எழுந்து வந்தார். முகம் இன்னும் வெளுத்தே இருந்தது. கிண்ணத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"சுதா. எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துருவோமா?"

"எதுக்குங்க?"

"எதுக்கும்னுதான். பாய் வண்டி நிக்கிதுல்ல. போயிட்டு வந்துட்டா மனசு அடங்கிரும்."

எனக்கும் ஒரு நொடி ஆசையாக இருந்தது. பை தயார். வண்டி தயார். என்றைக்கும் போல ஓடிப்போய், ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட்டு வரலாம். ஆனால் பிள்ளையை அந்த இருட்டறையில் அழுத்திப் பிடிக்க வேண்டிய காரணம் இப்போது இல்லை. அது எனக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரிந்தது.

இனியாவைத் தூக்கி அண்ணனிடம் கொடுத்தேன். கிண்ணத்திலிருந்த இரண்டையும் காந்தக் குச்சியால் எடுத்து, செய்தித்தாளில் வரிசையின் கடைசியில் வைத்தேன்.

"எண்ணுங்க."

அவர் குந்தி உட்கார்ந்து, தொடாமல் ஆள்காட்டி விரலால் மட்டும் காட்டி எண்ணினார்.

"பத்தொன்பது."

"கதவுல எத்தனை கோடு?"

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பத்தொன்பது."

"அவ்வளவுதான்" என்றேன். "போக வேண்டாம்."

தலையை ஆட்டினார். ஆனால் நகரவில்லை. செய்தித்தாளையே பார்த்துக்கொண்டு நின்றவர், சின்னப் பிள்ளை அனுமதி கேட்பது போல என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவை எண்ணட்டா?"

நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"எண்ணுங்க" என்றேன்.

அவர் மறுபடி குந்தி உட்கார்ந்து ஒன்றிலிருந்து தொடங்கினார். நான் பையிலிருந்து புட்டியை வெளியே எடுத்து, பிள்ளைக்குப் பால் ஆற்றப் போனேன்.